வெட்டாமல் விட்ட ஒரு செடி

இன்று காலை கதவைத் திறந்ததும் கவாத்து வாசனை முகத்தில் அடித்தது. ஏழாம் நம்பர் மலையில் நேற்றே மிஷின் இறங்கிவிட்டது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்கும்போது கிளம்புகிற அந்தப் பச்சை மரக் கசப்பு, நம் லயத்து லைன் வீடுகளுக்குள் நுழைந்து அடுப்படி வரை வந்து உட்கார்ந்துகொள்ளும். உனக்குப் பிடித்த வாசனை. "சீசனுக்குச் சுத்திப் பாக்க வர்றவங்க சென்ட்டு பூசிக்கிட்டு வர்றாங்க, நமக்கு இது போதும்" என்பாய். எனக்குப் பிடிக்காது. நாலு வருடமாகப் பிடிக்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

இது அழுது எழுதுகிற கடிதம் இல்லை. போன கார்த்திகையில் நீ கண் மூடியபோதே அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டேன். இப்போது இருப்பது கோபம் மட்டும்தான். நீ போன மறுநாளிலிருந்து எல்லோரும் உன்னைச் சாதுவாக்கப் பார்க்கிறார்கள். "வாயில்லாப் பூச்சி" என்கிறார்கள். "யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை" என்கிறார்கள். உன்னையா? தண்ணீர்க் குழாயடியில் உன் குரல் கேட்டால் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். இருபத்திரண்டு வருடம் உன் பக்கத்து வீட்டில் குடியிருந்து, மலையில் உன் பக்கத்து வரிசையில் கொழுந்து எடுத்தவள் நான். உன்னை இப்படி வெள்ளையடித்து வைப்பதற்கு நான் விடமாட்டேன்.

ஏழாம் நம்பரில் போன தடவை கவாத்து நடந்த அந்தச் சித்திரை மாதத்தைத்தான் சொல்லப்போகிறேன். ஆண்கள் மிஷினைப் பிடித்து வெட்டிக்கொண்டு முன்னால் போவார்கள். வெட்டிய தண்டில் படிந்திருக்கும் பாசியைச் சுரண்டிக்கொண்டு நாம் பின்னால் போவோம். விழுந்து கிடக்கும் கிளைக்குச்சிகளை, அந்த மிலாறை, அள்ளிக் கட்டினால் இரண்டு மாதத்துக்கு அடுப்புக்கு விறகு. அந்த நேரம் நீ ஒரு கட்டை லயத்தில் போட்டுவிட்டு வர இறங்கியிருந்தாய். நான் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தேன். காலடியில் மிலாறுக் குவியலுக்குள் ஏதோ அசைந்தது. எலி என்று நினைத்துக் கத்தியைத் திருப்பிப் பிடித்தேன். எலி இல்லை, கொண்டைக்குருவிக் குஞ்சு.

குஞ்சு என்றால் கண் திறக்காத தசைப்பிண்டம் இல்லை. இறகு முளைத்திருந்தது. வால் மட்டும் யாரோ பாதியில் நறுக்கிவிட்டதுபோல் குட்டையாக இருந்தது, தலையில் கொண்டை இன்னும் வரவில்லை. இரண்டு முறை தத்தியது, மூன்றாவது முறை சரிந்து விழுந்தது. மேலே சில்வர் ஓக் மரத்தில் இரண்டு காக்கைகள் காத்திருந்தன. வெட்டி முடித்த மலையில் செடிக்கு ஒரு கிளைதான் மிச்சம், அதில் ஒளிந்துகொள்ள முடியாது. எனக்குப் பதறிவிட்டது. சாப்பாட்டுத் துணியை அவிழ்த்து அதற்குள் வைத்துச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டேன். மிஷின் சத்தத்துக்கு மேல் ஏதோ இரண்டு குருவிகள் விடாமல் கத்தியது காதில் விழத்தான் செய்தது. அது எனக்கான கத்தல் என்று எனக்கு உறைக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்புப் பக்கத்தில் சூடாக வைத்தேன். பிறகு நம் ஆட்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் நானும் செய்தேன். நம் லயத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கா, தேத்தண்ணி. கிழவருக்கு மயக்கமா, தேத்தண்ணி. சிலோனிலிருந்து கப்பலேறி வந்தபோது நம் அம்மாக்கள் கொண்டுவந்த ஒரே வைத்தியம் அது. சர்க்கரை போட்டு, ஆற்றி, விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துக் குஞ்சின் அலகில் வைத்தேன். அது தலையை உதறியது. இன்னொரு சொட்டு எடுத்தேன். அப்போதுதான் நீ ஊறுகாய் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாய். வந்த வேகத்தில் என் கையில் ஓங்கி ஒரு அடி.

"ஏன்டி, அது என்னா தேயிலை மில்லுக்குப் போயிட்டு வந்த உன் வீட்டுக்காரனா, தேத்தண்ணி ஊத்துற? மூக்குல ஏறுனா செத்துப்போயிரும்டி!"

"அநாதையாக் கெடந்திச்சி" என்றேன்.

"அநாதையா? அதோட அப்பனும் ஆத்தாளும் மலையில தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்குது. நான் வர்ற வழியில பாத்தேன், வாயில புழுவ வச்சிக்கிட்டு மொட்டைச் செடி ஒவ்வொண்ணா தேடுதுங்க. எதைத் தேடுதுன்னு எனக்கு அப்பப் புரியல. நீ தூக்கிட்டு வந்துட்டியா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கம் வந்தால் வாதாடுவது என் வழக்கம். மனுசக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்த்துக்கொள்ளாது, இனி நாம்தான் வளர்க்கவேண்டும் என்றேன். நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"தொட்டா சேத்துக்காம இருக்க அது என்னா மனுசப் பொறப்பா? அந்த வியாதி பறவைக்குக் கெடையாதுடி. எந்திரி."

சோற்றில் கை வைக்காமலே மலை ஏறினோம். குஞ்சு உன் இரண்டு உள்ளங்கைக்குள் இருந்தது. மேலே போய்ப் பார்த்தால் நான் எடுத்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி கட்டைகள். நீ என்னைத் திட்டவில்லை, அதற்கு உனக்கு நேரமில்லை. நின்று காது கொடுத்தாய். மலையின் கீழ்ப்பக்கம், கேத்திப் பள்ளத்தைப் பார்த்த ஓரத்தில் சத்தம் கேட்டது. அதற்குப் பக்கத்தில் வெட்டாத செடிகளின் முதல் வரிசை ஆரம்பித்தது. அதில் அடர்த்தியாக இருந்த ஒரு செடியை விலக்கி, நடுக் கிளையில் குஞ்சை உட்காரவைத்தாய். அது விரலை விட்டுவிட்டுக் கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. காக்கைக்குத் தெரியாது, வெயில் படாது. எல்லாம் சரிதான். ஆனால் சாப்பாட்டு நேரம் முடிந்து மிஷின் முதலில் வரவேண்டிய செடிகளில் அதுவும் ஒன்று.

நீ என்ன செய்தாய் என்பதை இப்போது உன்னை வாயில்லாப் பூச்சி என்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அந்தச் செடியிலிருந்து பத்தடி தள்ளி, மிஷின் வரும் வழியில், பாசி சுரண்டும் கத்தியை மடியில் போட்டுக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்தாய். மிஷின் பிடித்துவந்த செல்வராஜ் முதலில் சிரித்தான். பிறகு "அக்கா, தள்ளுங்க" என்றான். நீ வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாய். அவன் மிஷினை அணைத்தான். மலையில் மிஷின் சத்தம் நின்றால் மேஸ்திரிக்குப் பொறுக்காது. கீழே ரோட்டிலிருந்து குடையை ஊன்றிக்கொண்டு ஏறி வந்தார்.

"என்னம்மா, உண்ணாவிரதமா?"

"இல்லீங்க மேஸ்திரி. கால் வலிக்குது, உக்காந்திருக்கேனுங்க."

"எந்திரி. மிஷின் நிக்குது."

"நிக்கட்டுங்க. காலையில இருந்து அதுவும் ஓடிக்கிட்டுத்தானுங்களே இருக்குது."

பின்னால் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் முகம் சிவந்தது. விஷயத்தை நீ சொன்னாய். லயத்துக்குப் போய்விட்ட குஞ்சைத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம், அப்பனும் ஆத்தாளும் தேடுகின்றன, இந்த ஒரு செடியை மட்டும் விட்டுவிட்டுப் போனால் போதும் என்றாய். ஒரு செடியை விட்டால் நாளைக்கு ஆளுக்கு ஒரு செடி கேட்பார்கள் என்றார். ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் மொட்டை மலையில் ஒற்றைச் செடி நிற்பதற்கு யார் பதில் சொல்வது என்றார். வேறு ஒருத்தியாக இருந்தால் அங்கே கும்பிட்டிருப்பாள். நீ ஒரு கேள்வி கேட்டாய்.

"ஏனுங்க மேஸ்திரி, ஒவ்வொரு செடியிலயும் ஓரமா ஒரு கெளைய வெட்டாம விடறீங்களே, அது எதுக்குங்க?"

"செடி மூச்சு விடறதுக்கு. இத்தன வருசமா வேலை செய்யற, தெரியாதா? மொத்தமா வெட்டுனா செடி செத்துப்போகும்."

"ஒரு செடி மூச்சு விட ஒரு கெளை விடறீங்க. இம்மாம் பெரிய மலை மூச்சு விட ஒரு செடி விடக்கூடாதுங்களா?"

குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அவர் வாய் திறப்பதற்குள் செல்வராஜ் மிஷினைத் தூக்கித் தோளில் வாகாகப் போட்டுக்கொண்டு, உன்னைச் சுற்றி, அந்தச் செடியைச் சுற்றி நடந்து, அடுத்த செடியில் போய் இறங்கினான். யாரும் அவனுக்கு உத்தரவு கொடுக்கவில்லை. மிஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. நீ எழுந்து எங்களையெல்லாம் நாலு வரிசை பின்னால் விரட்டினாய். "நின்னு வேடிக்கை பாத்தா வராது. பாசியச் சொரண்டுங்க, பாக்காத மாதிரி பாருங்க."

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. என்னால்தான், என்னால்தான் என்று ஒவ்வொரு இழுப்புக்கும் முணுமுணுத்துக்கொண்டே பாசியைச் சுரண்டினேன். குன்னூர் போகிற ரயில் ஊதியது. அப்புறம் செடிக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு குரல். உடனே ஓக் மரத்துக்குக் கீழிருந்து ஒன்று பறந்து வந்தது. கொண்டை நிமிர்ந்திருந்தது, வாயில் பச்சைப் புழு. நேராகச் செடிக்குள் போகவில்லை. கட்டைக்குக் கட்டை தாவி, நம்மை ஒரு முறை பார்த்து, கடைசியில் இலைக்குள் நுழைந்தது. வெளியே வந்தபோது அலகு காலியாக இருந்தது. பின்னாலேயே மற்றதும் வந்தது. நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "சேத்துக்கிச்சா?" என்று மட்டும் கேட்டாய்.

மேஸ்திரியும் அதைப் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன். ஆனால் பத்துப் பெண்களுக்கு முன்னால் தோற்ற ஆம்பளைக்கு யாரையாவது ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தாக வேண்டும். எங்கள் வரிசைக்கு வந்து எல்லோரையும் நிறுத்தி வைத்துக் கேட்டார்.

"குஞ்சைத் தூக்கிக்கிட்டு லைனுக்குப் போனது யாரு? எடுத்த எடத்துலயே ஓரமா வச்சிருந்தா அதுங்களே கூட்டிக்கிட்டுப் போயிருக்கும். இந்த வம்பே வந்திருக்காது. யாரு அந்தப் புத்திசாலி?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு நாக்கு எழவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அதற்குள் நீ சொல்லிவிட்டாய்.

"நான்தாங்க."

"நாளையில இருந்து நீ மேல்மலைக்குப் போ."

"சரிங்க. அங்கயும் தேயிலைதானுங்களே இருக்குது."

மேல்மலை என்றால் என்ன என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். லயத்திலிருந்து அரை மணி நேரச் செங்குத்தான ஏற்றம். அட்டை, ஈரக்காற்று, மழை வந்தால் ஒதுங்க ஒரு தகரம் கிடையாது, பெண்கள் ஒதுங்குவதற்கு ஒரு மறைவு கிடையாது. மேஸ்திரிக்குப் பிடிக்காதவர்களை அனுப்புகிற இடம். உனக்கு அப்போதே மூச்சு வாங்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் பேசாமல் நின்றேன்.

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். நாளைக்கு ஆபீசுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். நீ உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாய்.

"சொன்னா ரெண்டு பேரையும் மேல அனுப்புவான். உன் மக மாசமா ஊட்ல இருக்கா. கூப்பிட்ட தூரத்துல நீ இருக்கணும். மூடிக்கிட்டுப் போயி அவளுக்குச் சோத்தப் போடு."

நான் மூடிக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு சௌகரியமும் இருந்தது, அதை இன்று மறைக்கமாட்டேன். மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தது. அவள் குழந்தையோடு புருஷன் வீட்டுக்குப் போனாள். அதன் பிறகாவது நான் சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று மூன்றரை வருடம் போய்விட்டது. நீ ஒருநாள்கூடக் கேட்கவில்லை. மழையில் நனைந்து இறங்கிவரும்போது என்னைப் பார்த்து, "மேல இருந்து பாத்தா நீங்கல்லாம் எறும்பு மாதிரி தெரியறீங்கடி" என்று நக்கலடித்துவிட்டுப் போவாய்.

அந்தக் குஞ்சு நாலு நாள் அந்தச் செடியைச் சுற்றியே இருந்தது. முதலில் கிளைக்குக் கிளை தாவியது, அப்புறம் ஓடைப் பக்கத்துப் புதருக்குப் பறந்தது, ஐந்தாம் நாள் மூன்றையும் காணோம். எட்டாம் நாள் மேஸ்திரி ஆளை விட்டு அந்தச் செடியை வெட்டச் சொன்னார். உனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்துத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "வெட்டிக்கிடட்டும், நம்ம வேலை முடிஞ்சிருச்சில்ல" என்றாய்.

அந்த ஏற்றம்தான் உன்னைக் கொண்டுபோனது என்று நான் சொல்லமாட்டேன். டாக்டர் இதயத்தில் வால்வு என்றார், சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கும் என்றார். இருக்கட்டும். ஆனால் தினமும் அந்தச் செங்குத்தில் ஏற வேண்டியவள் நான். ஏறியவள் நீ. அதை எந்த டாக்டராலும் மாற்ற முடியாது.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு மேஸ்திரி வந்திருந்தார். மாலை போட்டார், குறை சொல்ல முடியாது. சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு, உன் மகனிடம், "உங்கம்மா மாதிரி ஒரு அமைதியான பொம்பளையப் பாக்க முடியாதுப்பா. எங்க போகச் சொன்னாலும் சரிங்கன்னு போகும்" என்றார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கையில் இருந்த பாயச வாளியைக் கீழே வைத்தேன்.

"மேஸ்திரி, அவ அமைதியான பொம்பள இல்லீங்க. உங்க மிஷின நிறுத்துனவ. அன்னிக்கிக் குருவிக்குஞ்ச லைனுக்குக் கொண்டுபோனது அவ இல்ல, நானு. அவ எனக்காகப் பொய் சொன்னா, நான் வாயத் தொறக்கல. மேல்மலைக்குப் போயிருக்க வேண்டியவ நானுங்க."

உன் மகன் என்னைப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வந்திருந்தால் நியாயம்தான், ஆனால் அவன் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான். மேஸ்திரி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "எழவு வீட்ல எதுக்கு இந்தப் பழைய கதை" என்று செருப்பைத் தேடினார். அடுத்த வாரமே எனக்கு மேல்மலை. நான் சந்தோஷமாகப் போனேன் என்று சொன்னால் பொய். முதல் நாள் பாதி ஏற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னை நினைத்துத் திட்டிக்கொண்டே எழுந்து ஏறினேன். இப்போது பழகிவிட்டது.

போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மேல்மலையில் பெண்களுக்கு ஒரு மறைவு கட்டித் தரவேண்டும், மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை வேண்டும் என்று ஆபீசுக்கு யாரோ பெயர் போடாமல் ஒரு மனு எழுதிவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, என் பக்கத்து வரிசையில் இருக்கிற லதாதான். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், கல்யாணமாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேஸ்திரி அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க மேல்மலைக்கு ஏறி வந்தார். "எழுதுனது யாரு? யாருன்னு சொல்லாம இன்னிக்கி ஒருத்தரும் கீழ எறங்க முடியாது" என்றார். லதாவின் கை கொழுந்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. அந்தக் காற்று எனக்குத் தெரிந்த காற்று.

"நான்தாங்க" என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. என் எழுத்து கோழி கிளறிய குப்பை என்று சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்குகிற அவருக்குத் தெரியாதா?

"இது உன் எழுத்தா?"

"ஆமாங்க. பத்தலேன்னா இன்னொண்ணு எழுதித் தரட்டுங்களா?"

அதற்கு மேல் என்னை அனுப்ப அவரிடம் மலை இல்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். லதா அழ ஆரம்பித்தாள், நான் கூடையைச் சரிசெய்துகொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தேன். நீ எனக்காகச் சொன்ன பொய்யை உன்னிடம் திருப்பித் தர வழியில்லை. இவளிடம் கொடுத்துவிட்டேன்.